தெற்குப் பட்டை

நான்கு மாதம் சேம்பூரின் மேல் மழை.
தொலைநோக்கி பரணில் கிடந்தது,
என் பழைய நைட்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டு.
அக்டோபர் ஆறு, இரவு பத்து நாற்பது.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
ஆறங்குலக் கண்ணாடியை வானத்துக்கு நிமிர்த்தினேன்.

வியாழன் நடுங்கியது.
மாஹூல் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் சுடரும் நடுங்கியது.
காத்திருந்தேன்.
இரண்டு லோக்கல் ரயில்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகையில்
எதிர் ஜன்னல் ஒரு நொடி நம்மோடு நின்றுவிடும்,
அங்கே இருக்கும் முகத்தின் மூக்குத்தி வரை தெரியும்,
பிறகு பிரிந்துவிடும்.
அந்த ஒரு நொடிக்குத்தான் இத்தனை கழுத்துவலி.

நொடி வந்தது.
வடக்குப் பட்டை இருந்தது, பழுப்பாக,
மேசையில் டீ கிளாஸ் விட்ட தடம் போல.
என் குழாயில் உலகம் தலைகீழ், தெற்கு மேலே.
மேலே ஒன்றுமில்லை.

கண்வில்லையை மாற்றினேன்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன்.
பூமியைத் தூக்கிப் போட்டால்
கரை இடிக்காமல் உருண்டு போகும், அவ்வளவு அகலப் பட்டை.
நாகர்கோவிலுக்கு போன் போட்டேன்.
‘பூஞ்சை பிடிச்சிருக்கும் தமயந்தியக்கா,
பம்பாய் ஈரம் அப்படி’ என்றான் ஜெபசிங்.
இருபது நிமிடம் கழித்து அவனே அழைத்தான்:
‘இங்கயும் காணோம்.’

உரத் தொழிற்சாலையில் அம்மோனியா பிரிவு எனக்கு.
பதினேழு வருடமாக மூக்கால் சம்பாதிக்கிறேன்.
கசிவென்றால் மணி அலறும் முன்பே
தொண்டைக்குத் தெரிந்துவிடும்.
அதே சரக்குதான் அங்கே
அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால்
உறைந்து வெண்மேகமாக நிற்கிறது.
பட்டை எங்கும் போகவில்லையாம்.
மேலே வெள்ளை ஏறிவிட்டது, அவ்வளவுதான்,
குடியிருந்தவர் காலி செய்த மறுநாளே
சுவருக்கு டிஸ்டெம்பர் அடிப்பார்களே, அது மாதிரி.

எப்போது ஏறியது?
நோட்டைப் புரட்டினேன்.
மே 29, விடிகாலை 4.35.
என் பென்சிலில் இரண்டு பட்டைகள்,
நிழல் தீற்றி, ஓரம் சுருட்டி, கச்சிதமாக.

அன்றைக்கு மோட்டார் வால்வைப் பார்க்க மாடிக்கு வந்த
வாட்ச்மேன் ஹரிகேஷ் யாதவும் பார்த்தார்.
ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு,
மூச்சையும் பிடித்துக்கொண்டு.
‘ஏக் லைன் ஹை, மேடம்.’
சரியாகப் பாருங்கள், இரண்டு, என்றேன்.
மறுபடி குனிந்தார்.
நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.
அப்புறம் நிமிர்ந்து, ‘ஹாங், தோ ஹை’ என்றார்,
மரியாதைக்கு.

வியாழனின் படத்தை
அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.
நான் நூறு படம் பார்த்தவள்,
அதனால் வரைந்துவிட்டேன்.

ரப்பரை எடுத்தேன்.
அழித்தால் இங்கேயும் வெள்ளை ஏறும்.
வைத்துவிட்டேன்.
இரண்டு பட்டையையும் அப்படியே விட்டு
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
‘ஒன்றுதான். பார்த்தவர் ஹ. யாதவ்.’

சொல்ல அவர் இல்லை.
ஆகஸ்டில் சொசைட்டி ஏஜென்சியை மாற்றியது.
முலுண்டில் நிற்கிறார் என்கிறார் இஸ்திரிக்காரர்,
தானே என்கிறார் செயலாளர் காட்கில்.

பதினொன்று ஐம்பது.
மேல் வெள்ளையின் இடது ஓரத்தில்
கறுப்பாக ஒரு துணுக்கு.
இருக்கிறதா?
பட்டை திரும்பி வரும்போது இப்படித்தான் தொடங்கும்
என்று படித்திருக்கிறேன்.
படித்திருக்கிறேன் என்பதுதான் பயமாக இருக்கிறது.
‘சந்தேகம்’ என்று மட்டும் குறித்தேன்.

பின்னால் தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது.
நிறுத்தச் சொல்லிக் கீழே யாரோ கத்துகிறார்கள்.
புது வாட்ச்மேனின் பெயர்
எனக்கு இன்னும் தெரியாது.
கால் நனைகிறது.
மறுபடி குனிகிறேன்.