உள்பக்கம் கைபிடி இல்லை

மூன்றாம் தரம் கேட்டபோதுதான் விசா வந்தது.
பத்து நாள். அண்ணன் குகநேசன் வீடு.
யோர்க் என்றொரு ஊர்,
சுற்றிவர மதில் கட்டிய ஊர்.

திரும்பி வந்த திங்கட்கிழமை
அம்பகாமத்துக் காட்டு விளிம்பில்,
பத்தரை மணித் தேத்தண்ணிக்கு
முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்கள்:
"சொல்லன், எப்பிடி ஊர்?"

மதிலைச் சொன்னேன்.
மேலே ஏறி நடக்கலாம், காசு இல்லை.
இருட்டினால் பூட்டிவிடுவார்கள்.
வெளிப்பக்கம் நெஞ்சளவு கல்.
உள்பக்கம் பல இடத்தில் கைபிடியே இல்லை,
தவறினால் யாரோ ஒருவரின் புல்தரையில் கிடப்போம்.

"அப்ப, விழுந்தால் உள்ளுக்குத்தானோ?"
என்றாள் கமலரூபி,
பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி.

அங்கே நின்றபோது அது எனக்குத் தோன்றவில்லை.
அண்ணன் மகன் கையைப் பிடித்து இழுக்கிறான்,
"மாமி, கெதியா வாங்கோ."
நான் நட்டநடுவில்,
ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதம்,
கல்லைக் கல்லாய்ப் பார்த்தபடி.
எட்டு வருசமாய் ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழந்தாளில் நகர்கிறவளுக்கு
வேறு எப்படி நடக்க வரும்?
பின்னால் வந்த வெள்ளைக்கார மனிசி
எனக்கு உயரம் பயமென்று நினைத்துக்
கையைத் தந்தா.
பிடித்துக்கொண்டேன்.

சரிவு முழுக்க மஞ்சள் பூ.
பூவுக்குக் கீழே பார்த்தேன், தொழில் புத்தி.
கல் பிறகு வந்தது. முதலில் மண்.
வெட்டி, சுமந்து, குவித்து,
யாரோ களைத்து, யாரோ தண்ணி கேட்டு
எழுப்பிய மண் அணை.
அந்தச் சரிவை எனக்குத் தெரியும்.
பதினாறு வயதில் மண்வெட்டியோடு
நானும் ஒன்றில் நின்றேன், இருபத்திரண்டு நாள்.
அது மூன்று கிழமை நின்றது.

முன்னால் வருகிறவர்களை மறிக்க என்றார்கள்.
கடைசி மாதங்களில்
பின்னால் இருந்த நாங்களும்
அதைத் தாண்ட முடியாமல் நின்றோம்.
அண்ணனுக்கு இதைச் சொல்லவில்லை.
அவன் தொண்ணூற்றாறில் போனவன்.
"வாசலுக்குக் கீழ நில்லு, படம் எடுப்பம்" என்றான்.
நின்றேன். சிரித்தும் இருக்கிறேன்.

அந்த வாசலுக்கு மேலே முந்தி
தலைகளைக் குத்தி வைப்பார்களாம்,
காகம் கொத்த,
மழையில் ஊற.
துரோகிகளின் தலைகள்
என்று சொல்லிவிட்டேன், இங்கே, தேத்தண்ணி நேரத்தில்,
உல்லாசப் பயணக் கதை மாதிரி.

யோகமலர் கோப்பையைக் கீழே வைத்தாள்.
அவள் தகப்பனை
மின்கம்பத்தடியில் கண்டெடுத்தார்கள்,
கழுத்தில் ஒரு மட்டை,
மட்டையில் அதே சொல்.
எனக்குத் தெரிந்த கதை. எப்படி மறந்தேன்?
கொஞ்ச நேரம் மரங்கொத்தி மட்டும்.

பிறகு அவளே கேட்டாள்:
"இப்ப அந்த வாசலில என்ன இருக்கு?"
"ஒண்டும் இல்லை. கீழால வாகனம் போகுது."
"வாகனம் போகுதோ," என்றாள்.
தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

விசில்.
கருவியைச் சோதிக்கிறேன்,
நிலத்தில் வைக்க முந்தியே அலறுகிறது.
மேற்பார்வையாளர் அன்ரன் ஓடி வருகிறார்.
காற்சட்டைப் பையில், மறந்துபோய்,
தீப்பெட்டியளவு யோர்க் வாசல்:
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம்,
கமலரூபிக்கு வாங்கியது.
அவள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை
என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது.
அன்ரன் ஏசிக்கொண்டே அதைப் பறித்து
இரும்புத் துண்டுகள் சேர்க்கும் வாளியில் எறிந்தார்.

பின்னேரம் கையை விட்டு எடுத்தேன்.
வாசலின் முதுகில்
நாலைந்து சன்னத் துண்டு, முட்கம்பி,
துருப்பிடித்த சப்பாத்து ஆணி ஒன்று.
"தா," என்றாள் யோகமலர்.
நகத்தால் ஒவ்வொன்றாய்க் கிளப்பி
வாளிக்குள் திருப்பிப் போட்டாள்.

ஆணியை மட்டும் விட்டுவிட்டு
கமலரூபியிடம் நீட்டினாள்.