ரெண்டு விரல் அளவு

இருபத்தாறு வருஷமாய் நான் விற்பது சூரியனை.
கன்னியாகுமரிக் கரையில், காலை ஐந்தரைக்கு,
கழுத்தில் கேமரா, கக்கத்தில் பழைய ஆல்பம்.
"சார், கையை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம் மேலே.
இப்போ ரெண்டு விரலால பிடிங்க."
ஜபல்பூர்க்காரரும் கோட்டயத்து டீச்சரும்
நேந்திரங்காய் சிப்ஸை எடுப்பதுபோல்
எடுத்துக்கொள்வார்கள்
கடலிலிருந்து அப்போதுதான் ஏறியதை.
பிரின்டுக்கு அறுபது ரூபாய்.
செல்போன் வந்தபின் நாற்பது.

காது மடலின் மேல் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு.
மீன் செதில் ஒட்டியிருக்கிறதென்று
மூன்று மாதம் நகத்தால் சுரண்டினேன்.
உரியும்,
அடுத்த ஞாயிறு பூசைக்குள் திரும்ப வந்துவிடும்.
ரெஜிலாதான் சண்டைபோட்டு
நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்றினாள்.

டாக்டர் ஷைனி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
காலரை விலக்கச் சொன்னார்.
கேமரா வார் கிடந்த இடம் மட்டும்
என்னை அம்மை பெற்ற நிறம்.
மற்றதெல்லாம் நான் சம்பாதித்தது.

ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.
பத்து நாள்.
பத்து நாளும் ஒரு முகத்தையும்
சரியாக ஃபோகஸ் செய்ய முடியவில்லை.
"பயப்படற மாதிரி இல்ல. ஆனா
இப்படியே விட்டிருந்தா என்னாகும்னு சொல்ல முடியாது."

"காலையிலயும் அந்தியிலயும் சூரியனுக்கு நேரா
நிக்கேனே டாக்டர், அதுனாலயா?"
அவர் சிரித்தார்.
"அது பாவம், சாது. பத்து மணிக்கு மேல,
நாலு மணிக்குள்ள எங்க நிக்கீங்க?"

படகுத்துறை வரிசையில்.
பாறைக்குப் போகிறவர்களிடம்
ஒரு படம், ஒரே ஒரு படம் என்று
கெஞ்சிக்கொண்டு.
யாரும் எடுக்கச் சொல்லாத சூரியன் அது.
உச்சியில் நிற்கும், தண்ணீரிலிருந்தும் திருப்பி அடிக்கும்.
எந்த ஆல்பத்திலும் அதன் படம் இல்லை,
என் காதில்தான் இருக்கிறது.

"மேகமா இருந்தா?"
ஆனிச் சாரலில் விடியல் தெரியாது,
வந்தவர்கள் ஒரு பைசா தராமல்
டீக்கடைக்குத் திரும்புவார்கள்.
தோல் மட்டும் அன்றைக்கும்
எண்ணிக் கொடுத்துவிடுமாம்.

எழுதித் தந்த டியூப் நானூற்று எண்பது.
பன்னிரண்டு பிரின்ட்.
முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம்,
காதை மறக்கக் கூடாது,
ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா.

முதல் நாள் பூசிக்கொண்டு போனேன்.
"என்னலேய் கிளாட்வின், சம்மனசு வேஷமா?"
சங்கு விற்கிற மாகீன்.
"வெளுக்கணும்னு போடுதியா?"
"மிஞ்சணும்னுடே."
வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.
கண் கசக்கி முடிப்பதற்குள்
ஒரு கல்யாண கோஷ்டி
அவர்களே செல்ஃபி எடுத்துக்கொண்டு போனது.

ராத்திரி கணக்குப் பார்த்தேன்.
டியூப் ஒன்று, ஆள் ரெண்டு.
ரெஜிலா அதே வரிசையோரம் தட்டுவண்டியில்
பகல் முழுக்க மாங்காய் நறுக்குகிறவள்.
முழங்கைக்குக் கீழே கருத்து, திட்டுத் திட்டாய்;
வளையலை நகர்த்தினால் வேறொருத்தி.
"எனக்கு எதுக்கு? குடைதான் இருக்கே."
அந்தக் குடை மாங்காய்க்குப் பிடித்தது.

இப்போது பத்து மணிக்கு,
வரிசை நீளத் தொடங்கும்போது,
வண்டிக்குப் போகிறேன்.
"கையை நீட்டு. இன்னும் கொஞ்சம் மேலே."
"ஆளுவ பாக்காவ," என்று முனகுகிறாள்.
மிளகாய்ப் பொடியைச் சேலையில் துடைத்துவிட்டு
நீட்டுகிறாள்.
அவளுக்கு அளந்து வைக்கிறேன்,
விரலில் ஒட்டியது என் காதுக்கு.

பதினேழாம் தேதிக்குள் டியூப் தீர்ந்துவிடும்.
அதற்குமேல் முழுக்கைச் சட்டை,
மாகீன் கடையில் கடன் சொல்லி வாங்கிய
ரெண்டு ஓலைத் தொப்பி,
அப்புறம் அந்தோணியார்.