அல்ல

ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
எடிட்டரின் உதவிச் செய்திகளைத்
தமிழில் எழுதியவன் நான்தான்:

'இக்கோப்பு கேட்கும் அமைப்புகளை அப்படியே ஏற்பது பாதுகாப்பானது அல்ல.'

பிழையில்லை. ஆனால் நம் மொழியில் மறுப்பு
கடைசிப் பெட்டியில்தான் ஏறும்.

பட்டர்வொர்த் சரக்கு அலுவலகத்தில்
திலகேஸ்வரியின் சன்னல் குறுகலானது.
பாதித் திரையில் கொள்கலன் பட்டியல்,
மீதியில் நான்.
வலது ஓரத்தில் 'அல்ல' விழுந்துவிட்டது.
பாதுகாப்பானது என்று படித்து
'ஆம்' அழுத்தியிருக்கிறாள்.
மூன்று நாள் ரசீதுகள் போயின.
திட்டவில்லை. திரையைப் படம் பிடித்து அனுப்பி,
'நீங்க சொன்னதத்தானே செஞ்சேன் லா'
என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இன்றிரவு அந்த வரியை உடைக்கிறேன்.
எழுபதாம் எழுத்தில் மடி என்றால்
புள்ளியையும் கொம்பையும்
தனித்தனியே எண்ணுகிறது கருவி.
'கோப்பு' அதற்கு ஆறெழுத்து.
எனக்கு மூன்று.
அதனோடு வாதாடியே மணி இரண்டாகிவிட்டது,
கோப்பி ஓ ஆடை கட்டிவிட்டது.

'வேண்டாம்.
யார் தந்த கோப்பு என்று
தெரியாவிட்டால்
ஏற்க வேண்டாம்.'

ஒரே சொல் இரண்டு முறை.
இலக்கணம் முறைக்கிறது, முறைக்கட்டும்.

சன்னலைச் சுருக்கிப் பார்க்கிறேன்,
இன்னும், இன்னும்,
இரண்டு விரல் அகலம் வரை.
மற்றதெல்லாம் மடிந்து மடிந்து
கீழே இறங்குகிறது.
முதல் சொல் மட்டும் அசையவில்லை,
இந்த மாடியில்
இரும்புக் கிராதியைத் திறக்காமலே
யாரென்று கேட்கும்
எதிர்வீட்டுக்காரர் மாதிரி.