இடது பக்கம்

கெமி துறைமுகத்தில் கடல் உறைந்த வாரம்
ஹில்க்கா ஏழாம் அறைக்கு வந்தார்.
ஒரு பெட்டி, ஒரு மேசை விளக்கு,
மகள் புதிதாக வாங்கிய திரைச்சீலை.
உடம்பில், கழற்ற மறுத்த மேலங்கி.

மூன்றாம் இரவு புருவத்தில் காயம்.
ஐந்தாம் இரவு அதே புருவம்.
'சமநிலை குன்றுகிறது' என்று எழுதினேன்,
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்ததால்.
கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு போடலாமா என்று
பகல் ஷிப்டு கேட்டது.

எட்டாம் இரவு, அவர் சம்மதத்தோடு,
அறை மூலையில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று மணி பத்து நிமிடம்.
எழுந்தார். தள்ளாடவில்லை.
துறைமுகக் கிரேனை முப்பது வருடம்
ஓட்டியவரின் நிச்சயத்தோடு
இடப்பக்கம் திரும்பி நடந்து
சுவரில் மோதினார்.

"உங்கள் வீட்டில் கழிவறை எந்தப் பக்கம்?"
"இருக்க வேண்டிய பக்கம்," என்றார்
நெற்றியைப் பிடித்துக்கொண்டு.
"இடது. ஆறு எட்டு.
நாலாவதில் அடுப்பு விளிம்பு கைக்குத் தட்டுப்படும்."

நாற்பத்தொரு வருடம் சரியாக நடந்த கால்கள்.
தப்பு சுவருடையது.
நான் எழுதியதோ கால்களைப் பற்றி.

ஓஸ்மோவைக் கூப்பிட்டேன்.
சக்கரப் பூட்டைத் தளர்த்தி, மூச்சு வாங்க,
தலைமாட்டைக் கால்மாடாக்கினோம்.
நாலாவது எட்டில் அடுப்புக்குப் பதில் ஒரு நாற்காலி.
அழைப்பு மணி வயர் அரை முழம் எட்டவில்லை;
சமையலறையிலிருந்து ஒன்று திருடி வந்தான்.
மூன்று முறை நடந்து பார்த்தார் ஹில்க்கா,
எங்களை ஆய்வு செய்பவர் போல.

ஞாயிறன்று மகள் கொதித்தாள்.
கடல் தெரியும் அறைக்கென்று
மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிறாளாம்;
ஜன்னலுக்கு முதுகைக் காட்டியா படுப்பது?
"மேலேயிருந்து முப்பது வருஷம் பார்த்தாச்சு," என்றார் ஹில்க்கா.
"இனி அது என்னைப் பார்க்கட்டும்."

புருவம் ஆறியது.
வீடாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
மேலங்கி இன்னும் கொக்கிக்கு ஏறவில்லை.
காபியை 'உங்க காபி' என்றுதான் சொல்கிறார்
(அதில் அவர்மேல் குற்றமில்லை).

பிப்ரவரியில் ஒரு நாள்
மாத்திரைத் தட்டோடு உள்ளே கால் வைத்தேன்.
"நில்."
நின்றேன்.
"ஷூவை வெளியே விடு. என் தரை நனையுது."

பணியாளர் காலணியைக் கழற்றக் கூடாது,
விதி பதினான்கு.
கழற்றினேன்.
காலுறை ஓட்டையில் எட்டிப் பார்த்த கட்டைவிரலை
அவர் நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
இப்போது ஏழாம் அறை வாசலில்
எப்போதும் ஏதாவது ஒரு ஜோடி.
டாக்டர் ஒருமுறை தடுக்கி விழப் பார்த்தார்.

இன்னும் பதினோரு அறைகள் கேட்கப்படாமல் இருக்கின்றன.
எட்டாம் அறையில் டௌனோ
இந்த ஒற்றைக் கட்டிலிலும்
விளிம்போடு ஒட்டிப் படுக்கிறார்,
மீதி இடத்தைக் காலியாக விட்டு.

அங்கே எதைத் திருப்பி வைப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.