காலி வண்டியின் எடை

பரதராமியில், சித்தூர் சாலை தொடங்குமிடத்தில்
எடைமேடை ஒன்று இருக்கிறது.
பதினோரு வருஷமாக அதற்கு நான்தான் கண்.
மாங்காய் லாரி ஏறும். எண் நிற்கும்வரை காத்திருப்பேன்.
உடனே நிற்காது.

போன தையில் என் தலையைத் திறந்தார்கள்,
இடது காதுக்கு மேலே.
முழுசாக எடுக்கவில்லை.
மிச்சத்தை எடுத்தால் பேச்சும் கூடவே வந்துவிடுமாம்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்று தேசிங்கு கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் நாலு மணிக்கு மேல்
தமிழ் எனக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது.
பீரோ முன் நின்று, அது எங்கே, அது, என்கிறேன்.
வாயில் வருவது தாளஞ்செவி.
பூட்டின் காது. அம்மா வீட்டுத் தெலுங்கு.
தேசிங்கு சாவியை நீட்டுகிறார்,
ஸ்கூட்டர் சாவியைக் கழற்றி வைத்துக்கொண்டு.
ஃபிட்ஸ் வந்தவள் ஒரு வருஷம் ஓட்டக்கூடாது.
பூனையைப் பில்லி என்றேன்,
எதிர்வீட்டுக்காரி சூனியம் என்று பயந்துபோனாள்.
உப்பைப் பற்றி மட்டும் கவலையில்லை,
எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது உப்புதான்.

வேலூரில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
சென்ற வாரம் வார்த்தை தேடிச் சிரமப்பட்டீர்களா?
இல்லவே இல்லை, லேசாக, ஓரளவு, மிகவும்.
கடைசியில்: உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?
ஒன்று முதல் ஏழுக்குள் வட்டமிடவும்.
யோசிக்காதீங்க, மனசுல படறதைப் போடுங்க என்றாள் நர்ஸ்.
எனக்கு அப்படிப் பழக்கமில்லை.
சரக்கோடு ஒருதரம், இறக்கியபின் ஒருதரம்,
இரண்டு சீட்டு இல்லாமல் யாருக்கும் எடை சொன்னதில்லை.
காலியாக இருந்தபோது என் எடை என்னவென்று
யார் குறித்துவைத்தார்கள்?
ஐந்தைச் சுற்றினேன். அடித்தேன். மறுபடியும் ஐந்து.

நேற்று ஓபுலேசு வந்தான், பெங்களூரா லோடு.
முடி பாதி முளைத்த பக்கத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.
எந்தக்கா? என்றான்.
மணி நாலே முக்கால். எண் தெரிகிறது, பேர் வரவில்லை,
எந்த மொழியிலும்.
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
அவனே படித்தான், உடைந்த தமிழில், எனக்காக.
நான் எழுதினேன். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

அவன் போனபின் மேடை காலியாக இருந்தது.
செருப்போடு ஏறி நடுவில் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பு எண்,
ஐம்பதா அறுபதா என்று மாறி மாறித் துடித்தது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
பின்னால் அடுத்த லாரி ஹார்ன் அடித்தது.
இரு, என்றேன் அதனிடம்.
தமிழில்தான் வந்தது.