எண்ணூறு ரூபாய்ப் பிணம்

மூச்சடக்கத் தெரியுமா என்று கேட்டார்கள்.
துறைமுகத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது.
எண்ணூறு ரூபாய், மதியம் பிரியாணி.
ஐஸ் பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு
கடலூர் முதுநகர் மீன் இறக்கும் தளத்தில்
நீலத் தார்ப்பாயின் மேல்
செத்துப் படுத்தேன்.
வாயோரம் சோப்பு நுரை.
காலையில் ஏலம் போன கவளையின் செதில்
குதிகாலில் ஒட்டியிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

என் அப்பாவாக நடிப்பவர் வேதமுத்து.
அப்படிச் சொன்னால் யாருக்குத் தெரியும்.
தவணை தாமோதரன்!
பதினோரு வருஷம், வாரம் ஐந்து நாள், ராத்திரி ஏழரை.
குக்கர்க் கடைக்காரன், கட்டில்காரன், சீட்டுக்காரம்மா
யார் வந்து கதவைத் தட்டினாலும்
‘செத்த இருங்க, வந்துடறேன்’ என்று
கொல்லைப்பக்கமாக ஓடிவிடுவார்.
ஒருநாள் லுங்கி ஆணியில் மாட்டும்,
ஒருநாள் நாய் துரத்தும்.
நாங்கள் சிரிக்க மறந்த இடத்தில்
டிவியே சிரித்துக்கொள்ளும்.

முதல் டேக்கில் அவர் ஓடிவர வேண்டும்.
ஓடிவந்தார்.
அந்த ஓட்டம்!
ஏலக்கார அஞ்சலாட்சிதான் முதலில் வெடித்தாள்,
பிறகு வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்,
படகின் மேல் தொற்றியிருந்த பிள்ளைகள்.
‘தாமு, சீட்டுக்காரி வர்றா!’
பிணத்துக்கும் வயிறு குலுங்கியது.

இரண்டாவதில் நடந்து வந்தார்.
நடையும் அதே நடை.
மூன்றாவதில் மண்டியிட்டார்,
முழங்கால் மடங்கிய விதத்தில்
நாய் கடித்த எபிசோடு ஞாபகம் வந்துவிட்டது ஊருக்கே.
ஐந்தாவதுக்குக் கூட்டத்தைத் தள்ளிக் கயிறு கட்டினார்கள்.
சிரிப்பு கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தது.
இயக்குநருக்கு என் வயதுதான் இருக்கும்.
‘சார், மூஞ்சிய மட்டும் கொஞ்சம்…’ என்று
பாதியில் விழுங்கினான்.
மூஞ்சியை என்ன செய்வார்?
கழற்றி வைக்க அது என்ன விக்கா?

மதியம் ஐஸ் பெட்டி நிழலில்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.
‘வெயில் கண்ணுக்குள்ள குத்துதா தம்பி?’
பழகிடுச்சு சார் என்றேன்.
அப்புறம், கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்:
அந்த வசனத்தை ஒரே ஒருதரம் சொல்லுங்க சார்.
உப்பனாற்றுப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.
ஒரு விசைப்படகு திரும்பிக்கொண்டிருந்தது.
‘மூவாயிரம் தரம் சொல்லியிருப்பேன்’ என்றார்.
சொல்லவில்லை.

எட்டாவது டேக்.
ஓடினாரா, நடந்தாரா, தெரியாது.
என் கண்தான் மூடியிருந்ததே.
காதருகே மூச்சு, சோம்பு வாசனை.
என் சட்டைப் பொத்தான்களை
ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார், மேலிருந்து கீழே.
தாளில் அது இல்லை.
தாளில் இருந்தது ‘ஐயோ, மகனே.’
பிறகு, கடன்காரனிடம் சொல்கிற அதே குரலில்,
அதே அவசரத்தில்:

‘செத்த இரு. வந்துடறேன்.’

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.
அந்தச் சிரிப்பு நங்கூரக் கயிறு மாதிரி
கொஞ்சதூரம் ஓடி
வெடுக்கென்று நின்றது.
அதற்குப் பிறகு ஒரு காக்கா.
அஞ்சலாட்சி மூக்கைச் சிந்துகிற சத்தம்.

பிணம் அழக்கூடாது.
எண்ணூறு ரூபாயில் அது சேராது.
இமையிடுக்கில் ஒன்று கசிந்து
சோப்பு நுரைக்குள் இறங்கியதை
கேமரா பார்த்துவிட்டது.
‘கட்’ என்றான் பையன், தொண்டை அடைத்து.
‘ஒன் மோர் சார்.’
அவர் எழுந்திருக்கவில்லை.
கடைசிப் பொத்தானிலேயே கை இருந்தது.

படம் வந்தது. நானும் போனேன்.
என் முகமே இல்லை அதில்.
ஒரு பாதம் மட்டும், செதிலோடு.

மாதம் ஐந்தாம் தேதி
பைக்குக்குத் தவணை வாங்க ஆள் வருகிறான்.
கதவைத் தட்டுகிறான்.
வாய்வரை வருகிறது அந்த வசனம், நிற்கிறது.
கொல்லைக் கதவும் எங்கள் வீட்டில் கிடையாது.