ஜெர்மலின் மீன், தக்கலை

ஃப்ரிட்ஜின் கண்ணாடித் தட்டை
இரண்டு அரிசி டின் மேல் வைத்து
அதன்மேல் கைபேசியைக் குப்புறப் படுக்கவைத்தால்
கரும்பலகை தயார்.
அடியில் நோட்டு. நோட்டின்மேல் என் கை.
அந்த ஐப்பசி முழுக்க
ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கு
நான் ஒரு வலது கை மட்டும்தான்.
ஒருநாள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு எழுதினேன்.
'டீச்சர் மாறியாச்சா?' என்று
சாட்டில் கேட்டான் அபின்ராஜ்.

வருகைப் பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர்.
திரையிலோ
'விவோ ஒய் பதினைந்து' இருந்தது.
'அப்பா புதுசு' இருந்தது.
'ஷைன் சவுண்ட் சர்வீஸ், திங்கள்சந்தை' இருந்தது.
யார் எந்தப் பிள்ளையென்று பிடிகிடைக்க
ஒரு வாரம் ஆனது.
'ஜெர்மலின் மீன், தக்கலை'
சகாய ஆன்ஸ்லின் என்றார்கள்,
கடியபட்டணத்துப் பெண்.
பத்து மணிக்கு முதலில் வருவாள்,
நான் அணைக்கும்வரை போகமாட்டாள்.
கேள்வி கேட்டால் மட்டும் பதில் இருக்காது.
அழுத்தக்காரி, என்று எழுதி வைத்திருக்கிறேன்
என் டைரியில், பென்சிலால்.

பின்னம் தொடங்கிய அன்று மழை.
மேக்காமண்டபம் பக்கத்துப் பிள்ளைகள்
ஒவ்வொருவராக உறைந்தார்கள்,
வாய் திறந்தபடி ஒருத்தன்,
கொட்டாவியோ பதிலோ தெரியவில்லை.
ஆறில் ஒன்றா, எட்டில் ஒன்றா,
எது பெரிசு?
எட்டு டீச்சர்.
எட்டு.
8
எட்டு டீச்சர் எட்டு.
இரண்டு கட்டைவிரல். ஒரு ரோஜாப்பூ.

அப்போதுதான் ஒரு மைக் திறந்தது.
பேருந்து ஹாரன், தகர விளிம்பில் தண்ணீர்,
கத்தி ஒன்று பலகையில் இறங்கும் சத்தம்.
'ஒரு சூரைய எட்டா வெட்டினா
துண்டம் சிறிசாப் போவும், பாத்துக்க.
ஆறா வெட்டட்டா?'

திரையில் எல்லாக் கட்டங்களும் அப்படியே நின்றன.
பிறகு ஒவ்வொன்றாக
ஆறு. ஆறு டீச்சர். 1/6.
ரோஜாப்பூ அனுப்பியவன் அதை அழித்தான்.
நான் என்ன செய்தேன் என்றால்
பழக்கத்தில்
அந்த மைக்கை மூடினேன்.

இரவு எட்டரைக்கு அழைத்தேன்.
எடுத்தது ஆன்ஸ்லின். நாலு சதவீதம் சார்ஜாம்,
வேகமாகப் பேசினாள்.
'போன் அம்மை கூட சந்தைக்குப் போவும் டீச்சரே.
அவதான் கிளாஸ் கேப்பா.
வந்த பெறவு எனக்குச் சொல்லித் தருவா.
எழுதுறது ஒண்ணும் தெரியாது,
போன் மடியில கெடக்கும்.
சத்தம் மட்டும்.'

சத்தம் மட்டும்.
கண்ணாடித் தட்டு, டின், ஜன்னல் வெளிச்சம்,
கோணலில்லாமல் நான் போட்ட கோடுகள்
ஒன்றும் போய்ச் சேரவில்லை.
எழுதிக்கொண்டே எத்தனை முறை சொல்லியிருப்பேன்,
'இதை இங்கே போடணும்,
அதை அங்கே கொண்டுபோகணும், புரியுதா?'
எது இது? எங்கே அங்கே?
ஒரு பெண் அதைச் சுமந்துகொண்டு
சாயங்கால பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்து
தன்னிடம் இருந்த மீனை வைத்து
மகளுக்கு இட்டு நிரப்பியிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து வாயால் எழுதினேன்.
ஒரு கோடு போடுகிறேன், படுக்கைக் கோடு.
கோட்டுக்கு மேலே ஒன்று.
கோட்டுக்குக் கீழே ஆறு.
மேலே இருப்பது தொகுதி.
கீழே இருப்பது பகுதி.
எனக்கே கேலியாக இருந்தது,
ரேடியோவில் சமையல் குறிப்பு வாசிப்பதுபோல.
'டீச்சருக்கு என்ன ஆச்சு' என்று ஒரு கட்டம்
இன்னொரு கட்டத்திடம் கேட்டது, எனக்கும் தெரியும்படி.

வெள்ளிக்கிழமை.
பகுதிகள் வேறுவேறாக இருந்தால்
நேராகக் கூட்டமுடியாது என்று சொல்லி
மூச்சு விட்ட இடத்தில்
மறுபடி அந்த மைக்.
ஒரு ஆண்குரல்: 'அயலை எப்பிடி?'
அவள் குரல், தாழ்த்தி:
'கொஞ்சம் பொறும்.
கணக்கு நடக்குது.'